இறங்க மறுத்த கை: உள்ளத்தின் நோய் உடலில் பேசிய வரலாறு



அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அரண்மனையில் நிகழ்ந்ததாக மருத்துவர்களின் வரலாற்று நூல்களில் ஒரு செய்தி காணப்படுகிறது. கலீஃபாவின் அன்புக்குரிய பணிப்பெண் ஒருத்தி ஒருநாள் சோம்பல் முறித்துக் கையை உயர்த்தினாள். உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றுவிட்டது. கீழே இறக்க அவளால் இயலவில்லை. அரண்மனை மருத்துவர்கள் எண்ணெய்களும் களிம்புகளும் பூசிப் பார்த்தனர். பயன் விளையவில்லை. அப்போது அமைச்சர் ஜஃபர் பின் யஹ்யாவின் பரிந்துரையால் ஜிப்ரீல் பின் புக்தீஷூ என்னும் கிறிஸ்தவ மருத்துவர் அழைக்கப்பட்டார். நோயின் விவரத்தைக் கேட்டறிந்த அவர், கலீஃபா தம்மீது சினம் கொள்வதில்லை என்று வாக்களித்தால் தம்மிடம் ஓர் உபாயம் உண்டு என்றார். அவையோர் முன்னிலையில் அப்பெண் அழைத்து வரப்பட்டாள். அவளைக் கண்டதும் ஜிப்ரீல் விரைந்தோடிச் சென்று, குனிந்து, அவளுடைய ஆடையின் கீழ் விளிம்பைப் பற்றி உயர்த்தப் போவதுபோல் பாவனை செய்தார். அப்பெண் பதறினாள். நாணம் மேலிட, இறங்க மறுத்த கை தானாகவே இறங்கி ஆடையைப் பற்றிக்கொண்டது. "அமீருல் முஃமினீன் அவர்களே, அவள் குணமடைந்துவிட்டாள்" என்றார் மருத்துவர். கலீஃபா அவளை வலப்புறமும் இடப்புறமும் கையை நீட்டச் சொன்னார், அவள் நீட்டினாள். மருத்துவருக்கு 5,00,000 திர்ஹம் பரிசு கிடைத்ததாகச் செய்தி முடிகிறது.

இதனை நமக்கு எடுத்துரைப்பவர் இப்னு அபீ உஸைபிஆ. டமாஸ்கஸ் நகரின் நூரி மருத்துவமனையில் பயின்றவர், 1270இல் மறைந்தவர். மருத்துவர்களின் வரலாற்றைத் திரட்டி 'உயூனுல் அன்பா' என்னும் பெருநூலை எழுதியவர். ஹாரூன் ரஷீத் 809இல் மறைந்துவிட்டார். எனவே நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட தொலைவு இருக்கிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை எடைபோட்டுப் பழகிய நாம், பரிசுத்தொகை போன்றவற்றை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ஆயினும் இந்த நோயின் வருணனை நம் கருத்தை ஈர்க்கிறது. எலும்பு முறியவில்லை, நரம்பு அறுபடவில்லை, காயமும் இல்லை. ஆனாலும் கை அவளுடைய விருப்பத்துக்குப் பணியவில்லை. விருப்பத்தைக் கேளாமல் எழுந்த ஒரு பதற்றத்துக்கு மட்டும் பணிந்தது.

அவள் நடித்தாளா? இக்கட்டுரையில் நாம் மீண்டும் மீண்டும் வந்து நிற்கப் போவது இக்கேள்வியில்தான். நம் வீடுகளில் ஒரு பெண்ணோ சிறுவனோ திடீரெனப் பேச்சிழந்தாலும், கால் செயலிழந்தாலும், வெட்டி இழுத்து விழுந்தாலும், மருத்துவர் 'உடலில் ஒன்றுமில்லை' என்று கூறிவிட்டால் நமக்கு இரண்டே விளக்கங்கள் தோன்றுகின்றன. ஒன்று, நடிப்பு. மற்றொன்று, ஜின். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய நிலப்பரப்பு உண்டு என்பதையும், அதில் நம் முன்னோர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கால் வைத்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிட்டோம்.

ஜிப்ரீல் தமது சிகிச்சைக்கு அளித்த விளக்கம் அக்காலத்து மருத்துவக் கொள்கையைச் சார்ந்தது. மெல்லிய நீர் ஒன்று உடற்சூட்டால் உறுப்புகளில் பரவி நரம்புகளின் உள்ளே உறைந்துவிட்டது. திடீர்ச் சூட்டை எழுப்பி அதனைக் கரைத்தேன் என்றார். அவ்விளக்கம் இன்று நிற்காது. ஆனால் அவர் கண்டறிந்த உண்மை நிற்கிறது. 1908இல் ஹூவர் என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். கால் செயலிழந்த நோயாளியைப் படுக்க வைத்து, அந்தக் காலைக் கீழ்நோக்கி அழுத்தச் சொன்னால் அவரால் இயலாது. ஆனால் மற்றொரு காலை உயர்த்தச் சொன்னால், செயலிழந்த கால் தானாகவே படுக்கையை அழுத்தும். பாதை பழுதுபடவில்லை, அதனைப் பயன்படுத்தும் கட்டளைதான் எங்கோ தடைபட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று. நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் இச்சோதனையைச் செய்கின்றனர். நோயாளியைக் குற்றவாளியாகப் பிடிப்பது இதன் நோக்கமன்று. 'உன் கால் நலமாக இருக்கிறது, அது திரும்பி வரும்' என்று அவருக்கே காட்டி நம்பிக்கை அளிப்பதற்கு இது பயன்படுகிறது.

ஜிப்ரீலின் உபாயத்தை நாம் மெச்சிப் பின்பற்ற இயலாது. ஒரு பெண்ணின் நாணத்தைச் சபையில் வைத்துக் கருவியாக்குவது நம் மார்க்க ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது. அதிர்ச்சி வைத்தியம் ஒருமுறை பலித்துவிட்டால் கதையாகிறது. பலிக்காத நூறு முறைகளை எவரும் எழுதி வைப்பதில்லை. பாரசீக எழுத்தாளர் நிஜாமீ அரூஸீயின் 'சஹார் மகாலா'விலும் இதனையொத்த கதை ஒன்று உண்டு. நடக்க இயலாத அமீர் மன்சூரை மருத்துவ மேதை ராஸீ குளியலறைக்கு அழைத்துச் சென்று, கத்தியைக் காட்டி ஏசிச் சினமூட்ட, அமீர் சினத்தால் எழுந்து நின்றுவிட்டாராம். கேட்பதற்குச் சுவையான கதை. ஆனால் ராஸீ மறைந்தது ஏறத்தாழ 925இல். மன்சூர் பின் நூஹ் அரியணை ஏறியதோ 961இல். ஆண்டுகள் ஒத்துவரவில்லை. இத்தகைய கதைகளை மேடைகளில் சரித்திரமாக எடுத்துரைப்போர் சற்று நின்று கணக்குப் பார்ப்பது நல்லது. எனினும், உள்ளத்தின் கொதிப்பு உடலை முடக்கவும் எழுப்பவும் வல்லது என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக அறியப்பட்டிருந்தது என்பதற்கு இக்கதையும் ஒரு சாட்சியே.

அக்கருத்து நமக்கு மருத்துவ நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று. சூரா யூஸுஃபில், மகனைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாக அல்லாஹ் கூறுகிறான். துயரத்தை விழுங்கிக்கொண்டவராக அவர் இருந்தார் என்பதும் அதே வசனத்தில் வருகிறது. சூரா கஸஸில், குழந்தையை ஆற்றில் விட்ட நபி மூஸா (அலை) அவர்களின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டதாகவும், அல்லாஹ் அதனை உறுதிப்படுத்தியிராவிட்டால் அவர் இரகசியத்தை வெளியிட்டிருப்பார் என்றும் வருகிறது. இவற்றுக்கு நாம் நோயின் பெயர் சூட்டப் போவதில்லை, அது அதிகப்பிரசங்கமாகும். துயரம் கண்ணில் இறங்கும் என்பதையும், அச்சம் உள்ளத்தை வெறுமையாக்கும் என்பதையும் குர்ஆனை ஓதும் ஒருவர் புதுமையாகக் கருத மாட்டார் என்று மட்டுமே கூறுகிறோம்.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸும் இங்கு நினைவுகூரத்தக்கது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாவுக்கு ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காட்டி, இவர் சொர்க்கவாசி என்றார்கள். அப்பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதாகவும், அவ்வேளையில் தம் ஆடை விலகிவிடுவதாகவும் கூறி, துஆ செய்யுமாறு வேண்டியிருந்தார். பொறுமை காத்தால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் இரு வழிகளைக் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ செய்யுமாறு கேட்டார். அவ்வாறே துஆ செய்யப்பட்டது. ஹாரூன் ரஷீதின் அவையில் நடந்ததோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நாணம் சிகிச்சைக்குக் கருவியானது. இங்கே நோயாளியின் நாணமே அவருடைய முதல் தேவையாக மதிக்கப்பட்டது. அவரை எவரும் அடிக்கவில்லை. நீ என்ன பாவம் செய்தாய் என்று எவரும் கேட்கவில்லை. எது வேண்டும் என்று அவரிடமே கேட்கப்பட்டது.

இனி நாம் பல்க் நகருக்குச் செல்வோம். இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் உள்ள அந்நகரின் அருகே ஏறத்தாழ 850இல் பிறந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. புவியியல் அறிஞர் என்றே பலர் அவரை அறிவர். அவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்', அதாவது உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருபவை என்னும் நூல் நீண்டகாலம் இஸ்தான்புல்லின் கைப்பிரதிச் சேகரத்தில் கிடந்தது. அதன் இரண்டாம் பகுதியை, சூடானைச் சேர்ந்த உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் துன்புறும். ஆனால் மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகின்றனர் என்பது அவருடைய குறை. உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காக வகுத்துத் தனித்தனி அத்தியாயங்களில் பேசுகிறார். துயரத்திலும் இருவகை காண்கிறார்: காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் வந்து அழுத்தும் துயரம் மற்றொன்று. பின்னதற்கு உடல்வழிச் சிகிச்சையும் வேண்டும் என்கிறார். நலமாக இருக்கும் காலத்தில் வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல், நல்ல எண்ணங்களையும் துன்ப காலத்துக்காகச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரைகளில் ஒன்று. உடல்நோய் சிலருக்குச் சில காலம் வரும், உள்ளத்தின் வருத்தமோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்று அவர் எழுதுவதைப் படிக்கும்போது, மனநோய் என்றதும் வாசற்கதவைச் சாத்திக்கொள்ளும் நம் வழக்கம் நமக்கு வெட்கத்தைத் தருகிறது.

பல்கீக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த இப்னு ஸீனா (980-1037) இதனை மேலும் ஆழமாகச் சிந்தித்தார். அவர் தரும் உவமை ஒன்று இன்றும் பாடம் நடத்த உதவுகிறது. தரையில் கிடக்கும் மரப்பலகையின்மீது ஒருவர் எளிதாக நடந்துவிடுவார். அதே பலகையை ஆழமான பள்ளத்தின் மேல் பாலமாக வைத்தால், அவரால் மெல்ல ஊர்ந்து செல்வதும் அரிதாகிறது. பலகை மாறவில்லை, கால்களும் மாறவில்லை. விழுந்துவிடுவோம் என்னும் எண்ணம் உள்ளத்தில் பதிந்து, உடல் அதற்குப் பணிந்துவிடுகிறது. தாம் குணமடைந்துவிட்டோம் என உறுதியாக நம்பும் நோயாளி தேறுவதையும், தமக்கு நோய் என்று எண்ணிக்கொண்ட நலமானவர் நோயில் வீழ்வதையும் அவர் இதனோடு சேர்த்துக் கூறுகிறார்.

இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலில் மனச்சோர்வு நோயைப் பற்றிப் பேசும் இடத்தில் ஒரு கருத்து வருகிறது. மதரஸாக்களில் இதனைத் தனியே எடுத்து ஓதிக்கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இந்நோய் ஜின்னால் ஏற்படுவதாகச் சில மருத்துவர்கள் கூறுகின்றனர். மருத்துவம் பயிலும் நமக்கு அது ஜின்னால் வந்ததா இல்லையா என்பது பொருட்டன்று. ஜின்னால் வந்ததாகவே இருந்தாலும், அது உடலின் தன்மையைக் கரும்பித்தமாக மாற்றித்தானே நோயை உண்டாக்குகிறது. எனவே அண்மைக் காரணம் கரும்பித்தமே. அதற்குப் பின்னே இருப்பது ஜின்னோ வேறொன்றோ, இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவருடைய வாதத்தின் சுருக்கம். ஜின் இல்லை என்ற வாதத்தை அவர் இங்கு எழுப்பவில்லை. ஜின்களின் இருப்பு குர்ஆனால் உறுதியானது. அதில் நமக்கு ஐயமில்லை. கண்முன் இருக்கும் உடலை மருத்துவர் கவனித்தாக வேண்டும் என்பதே அவர் கூறுவது. கரும்பித்தக் கொள்கை காலாவதியாகிவிட்டது. வாதத்தின் அமைப்பு ஆகவில்லை.

அவரும் தவறினார். பெண்களுக்கு மூச்சடைத்து, நினைவு தப்பி, உடல் விறைத்து விழும் ஒரு நோயைக் கருப்பையிலிருந்து எழும் கேடு என்று கிரேக்கர்கள் நம்பினர். கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்தே 'ஹிஸ்டீரியா' என்னும் பெயர் பிறந்தது. அந்நம்பிக்கை 'இக்தினாகுர் ரஹிம்' என்ற பெயரில் அரபு மருத்துவ நூல்களிலும், கானூனிலும் இடம்பெற்றது. பெண் என்றாலே நோயின் வேர் கருப்பையில் இருக்கும் என்ற எண்ணம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 'கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்' என்று நம் ஊர்களில் இன்றும் கூறப்படுவதன் பின்னே அந்தப் பழைய கொள்கையின் நிழல் படிந்திருக்கிறது. அவ்வாறு திருமணம் செய்து வைக்கப்பட்டு, நோயும் தீராமல் வாழ்வும் அமையாமல் தாய்வீடு திரும்பிய பெண்களை நாம் அறிவோம்.

மார்க்க அறிஞர்கள் பக்கம் வந்தால், இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் (1292-1350) 'ஸாதுல் மஆத்' நூலில் வலிப்பை இருவகையாகப் பிரிக்கிறார்கள். தீய ஆவிகளால் வருவது ஒன்று. உடலின் கெட்ட நீர்களால் வருவது மற்றொன்று. மருத்துவர்கள் காரணமும் சிகிச்சையும் பேசுவது இரண்டாம் வகைக்கே என்றும் எழுதுகிறார்கள். முதல் வகையை மறுக்கும் மருத்துவர்களை அவர்கள் கடிந்துகொள்வதை மட்டும் எடுத்துக்காட்டுவோர், இரண்டாம் வகைக்கு அவர்கள் ஒதுக்கிய இடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். மேலே கண்ட ஹதீஸில் வரும் பெண்மணிக்கு வந்ததே இந்த இரண்டாம் வகையாக இருக்கலாம் என்று இமாம் அவர்கள் கருத்துரைத்திருப்பது பலருக்கும் புதுமையாக இருக்கும்.

நூல்களில் எழுதியதோடு முஸ்லிம் சமூகம் நின்றுவிடவில்லை. எகிப்தின் ஆட்சியாளர் இப்னு தூலூன் 9ஆம் நூற்றாண்டில் ஃபுஸ்தாத்தில் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அவர் நேரில் சென்று நோயாளிகளைப் பார்வையிடுவதுண்டாம். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் கேட்டு வாங்கி, அதனை ஆட்சியாளர்மீதே எறிந்துவிட்டார். அதன்பின் அவர் அங்கு செல்வதை நிறுத்திக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸன்கீயும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் எழுப்பிய மருத்துவமனைகள் வக்ஃபு வருமானத்தில் இயங்கின. அலெப்போவில் 1354இல் நிறுவப்பட்ட அர்கூன் மருத்துவமனையின் நீரூற்று முற்றங்கள் இன்றும் அறிஞர்களால் பேசப்படுகின்றன. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறைவு செய்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இசையும் நறுமணமும் நீரோசையும் மருந்தாக அளிக்கப்பட்டதைப் பயணி எவ்லியா செலெபி 17ஆம் நூற்றாண்டில் வருணித்திருக்கிறார். இப்பெருமைகளைப் பேசும்போது மற்றொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும்: இம்மருத்துவமனைகளிலும் முரட்டு நோயாளிகளுக்குச் சங்கிலி இருந்தது. சங்கிலி இல்லாத பொற்காலம் ஒன்று இருந்ததாக எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஐரோப்பாவில் இந்நோய்க்குப் புதிய சிந்தனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் நரம்பியல் மேதை, ஹிஸ்டீரியா ஆண்களுக்கும் வரும் என்று நோயாளிகளைக் கொண்டே காட்டினார். அவரிடம் பணியாற்றிய பியேர் ஜானே 1889இல் வெளியிட்ட ஆய்வு நூலில், உள்ளம் தாங்கவொண்ணாத அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது அந்நினைவு மற்ற நினைவுகளோடு சேராமல் தனியே பிரிந்து நின்று, தானே இயங்கத் தொடங்குகிறது என்று விளக்கினார். இன்று 'டிஸ்ஸோசியேஷன்' என மருத்துவர்கள் கூறும் விலகல் நிலை இதுவே. ப்ராய்ரும் ஃபிராய்டும் 1895இல் வெளியிட்ட நூல், அடக்கப்பட்ட துயரம் உடற்குறியாக உருமாறுகிறது என்றது. ஃபிராய்டின் மற்ற கருத்துகள் பலவற்றை நாம் ஏற்பதற்கில்லை. இந்த ஒரு கருத்து மருத்துவத்தில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றது.

கருப்பைக் கொள்கைக்கு இறுதி அடியைக் கொடுத்தது முதல் உலகப் போர். அகழிகளிலிருந்து ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் பேச்சிழந்தும், பார்வையிழந்தும், கைகால் நடுங்கியும் திரும்பினர். உடலில் காயம் இல்லை. சார்லஸ் மையர்ஸ் 1915இல் 'லான்செட்' இதழில் இதனைப் பற்றி எழுதினார். கோழைகள் என்றும் நடிகர்கள் என்றும் அவர்களும் ஏசப்பட்டனர். குண்டு மழையில் நின்ற ஆண்களுக்கே இது நேரும் என்றால், மாமியார் வீட்டில் வாய்திறக்க இயலாத பெண்ணுக்கும், தேர்வுக்கு அஞ்சும் சிறுவனுக்கும் நேர்வதில் என்ன வியப்பு?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூல் ஹிஸ்டீரியா என்ற பெயரையே கைவிட்டு, அதனை இரு குடும்பங்களாகப் பிரித்தது. நினைவு, உணர்வு, 'நான்' என்னும் அறிவு ஆகியவை ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்வது முதல் குடும்பம். ஒரு காலத்தின் நினைவு முழுதும் மறந்துபோவதும், தான் வேறொருவர் என்பதுபோல் பேசுவதும் இதில் அடங்கும். உள்ளத்தின் துயரம் உடலின் வலியாகவும் செயலிழப்பாகவும் வெளிப்படுவது இரண்டாம் குடும்பம்; இதற்கு 'சோமட்டோஃபார்ம்' என்று பெயரிட்டனர். ஹாரூன் ரஷீதின் பணிப்பெண் அந்த நூலின்படி இரண்டாம் குடும்பத்தில் சேர்வாள். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ செயலிழப்பை முதல் குடும்பத்தில் வைத்தது. அறிஞர்களே ஒருமித்துவிடவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம். 2013இல் வந்த திருத்தத்தில் முக்கியமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. உடலில் காரணம் கிடைக்கவில்லை என்பதே நோயின் அடையாளம் என்ற பழைய அளவுகோல் நீக்கப்பட்டு, வலியைச் சுற்றி அந்த மனிதர் படும் அச்சமும் அவதியும் எவ்வளவு என்று பார்க்கும் அளவுகோல் வந்தது. கணவர் வளைகுடாவில் இருக்க, நெஞ்சு படபடக்கிறது, உடலெல்லாம் எரிகிறது என்று ஸ்கேன் கோப்பைச் சுமந்துகொண்டு மருத்துவருக்கு மருத்துவர் அலையும் நம் சகோதரிகளுக்கு இம்மாற்றத்தின் பொருள் புரியும். அவர்களுடைய வலி மெய்யானது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது.

ஒருவர் தம் இயல்பு மாறி, வேறொன்று தம்மை ஆட்கொண்டதுபோல் நடக்கும் நிலையையும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறிப்பிடுகிறது. ஒரு சமூகத்தின் ஏற்கப்பட்ட சமயச் சடங்கில் நிகழ்வதை அது நோயாகக் கொள்வதில்லை. விருப்பமின்றி வந்து, வாழ்வைக் குலைத்துத் துன்புறுத்துவதையே நோய் என்கிறது. மேலை மருத்துவம் நம் நம்பிக்கையை ஏளனம் செய்கிறது என்று அஞ்சுவோர் இதனைக் கவனிக்கலாம்.

இவ்வளவு தொலைவு வந்த வரலாறு நம் கரையில் எங்கு வந்து நின்றது? 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சூழத் தனியார் நடத்திவந்த காப்பகங்களுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் உயிரிழந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஏர்வாடிக்கு எல்லாச் சமயத்தவரும் தம் உறவினரை அழைத்து வருவர். அங்கே விடப்பட்டவர்களுள் பலருக்கு இருந்தது நாம் இங்கே பேசும் நோயைவிடக் கடுமையான மனச்சிதைவாக இருந்திருக்கும். ஆனால் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த எண்ணம் ஒன்றுதான். அச்சம்பவத்தை உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பின்னர் ஏர்வாடியிலேயே துஆவும் மருந்தும் ஒன்றாக என்னும் முறையில் அரசு மனநல மருத்துவர்களின் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் முன்னரே தொடங்கப்பட்ட 'தவா, துஆ' திட்டம் இதற்கு முன்மாதிரி. இப்னு ஸீனாவின் வாதத்தை இதைவிட எளிமையாக நடைமுறைப்படுத்த இயலாது.

நாமும் இதில் தூயவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஹிஃப்ழு ஓதிய பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் ஒருநாள் பஜ்ருக்குப் பின் எழுந்து நிற்க இயலாமல் அமர்ந்துவிட்டான். ஆண்டுவிழாவில் ஓத வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாடத்துக்கு அஞ்சி நடிக்கிறான் என்றே நாம் எண்ணினோம். மற்ற மாணவர்கள் முன்னிலையில் எழுந்து நிற்குமாறு அதட்டினோம். அவன் எழ முயன்று விழுந்தான். பெற்றோர் அவனை ஓதிப் பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றனர். அவர் ஓதினார், பின்னர் ஜின் வெளியேற வேண்டும் என்று உள்ளங்காலில் பிரம்பால் அடித்தார். கால் அசையவில்லை என்பதோடு, பேச்சும் குறைந்துபோயிற்று.

அதன் பின்னரே அவர்கள் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். அங்கே முதலில் நரம்பு மருத்துவர் பார்த்தார். அதுவே சரியான வரிசை. மெய்யான வலிப்பும், முதுகெலும்பில் பழுதும், வேறு கொடிய நோய்களும் இவ்வாறே தொடக்கத்தில் தோன்றக்கூடும். அவற்றை விலக்கிய பின், மனநல மருத்துவர் அவனோடு பல நாள்கள் தனியே பேசினார். தன் சிறிய தந்தையார் சாலை விபத்தில் அடிபட்டு உயிர் நீத்ததை அவன் அருகிலிருந்து பார்த்திருக்கிறான். 'சின்ன வாப்பா கூப்பிட்டாங்க, என்னால ஓட முடியல' என்று அவரிடம் கூறியிருக்கிறான். வீட்டில் எவரும் அவனிடம் அதனைப் பற்றிக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றவன், அழவில்லை என்று பாராட்டப்பட்டவன் அவன்.

கால் பயிற்சியும் பேச்சும் சேர்ந்த சிகிச்சையில் சில வாரங்களில் அவன் நடந்தான். வீட்டில் அவனுடைய பாட்டியார் நாள்தோறும் முஅவ்விததைன் சூராக்களை ஓதி ஊதினார். மருத்துவர் அதனைத் தடுக்கவில்லை, தொடருங்கள் என்றே கூறினார். ஓதிப் பார்ப்பது நபிவழி. அதில் பிரம்பில்லை, புகையில்லை, பட்டினியில்லை, கதவடைத்த அறையில்லை. பணம் பறிப்பதும் இல்லை. பிள்ளைக்கோ வீட்டுப் பெண்களுக்கோ இத்தகைய நிலை வரும்போது அருகில் மனநல மருத்துவர் இல்லை என்போர், அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416இல் கட்டணமின்றிப் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. அல்லாஹ் மருந்தை இறக்காமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்னும் கருத்தில் வரும் ஹதீஸை நாம் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் தயங்காமல் எடுத்துரைக்கிறோம். இந்நோய்க்கு வரும்போது மட்டும் குரல் தாழ்த்துகிறோம்.

அவன் திரும்பி வந்த அன்று, எந்த மாணவர்கள் முன்னிலையில் அதட்டினோமோ அவர்கள் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, 'பரவாயில்லை ஹஸ்ரத்' என்றான். அவ்வாண்டு விழாவில் அவன் ஓதவில்லை. அவனை வற்புறுத்தவும் இல்லை. வாசலில் நின்று வருவோரின் செருப்புகளை வரிசையாக அடுக்கும் பணியைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, விழா முடியும் வரை நின்றுகொண்டே இருந்தான்.